ஒற்றைத் திருகாணி

ஷார்ஜா
14.11.2005

மச்சானுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். பட்டாசுக் கம்பெனிகளின் தீபாவளி லோடெல்லாம் போய், உங்கள் பட்டறையில் சத்தம் ஓய்ந்திருக்கும். அக்காவும் நீங்களும் இப்போதாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போன வாரம் போன் போட்டேன். அடுத்த வீட்டு போன் இல்லையா, அந்த வீடே சுற்றி நின்று கேட்கிறது. அக்காவும் "சாப்ட்டியாடா, எளச்சிட்டியாடா" என்பதற்கு மேல் பேச வெட்கப்படுகிறாள். அதனால்தான் கடுதாசி.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் கடற்கரை கிளப்பில் பாய் கட்டிய பலகைகள் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஆளைவிட நீளமான பலகை, நடுவில் கம்பம், கம்பத்தில் பாய். வெள்ளைக்காரர்கள் அதில் ஏறி நின்று, பாயைக் கையால் பிடித்துக்கொண்டு, காற்றடித்தால் அலைமேல் பறக்கிறார்கள். கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் செருப்பு வார் போல மூன்று வார்கள் உண்டு. அந்த வாரில்தான் இப்போது என் உயிர் போகிறது.

வாரின் ஒவ்வொரு முனையையும் ஒரே ஒரு திருகாணிதான் பிடித்திருக்கிறது. காலை நுழைத்து அழுத்த அழுத்த, வார் அந்த ஆணியைச் சுற்றித் திரும்பிக்கொள்கிறது. முறுக்கி வைத்தால் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் கோணிக்கொள்ளும். அதிகமாக முறுக்கினால் பலகைக்குள் இருக்கும் மரை கெட்டுவிடும். திரும்பிய வாருக்குள் போன கால் லேசில் வெளியே வராது. ஆள் ஒரு பக்கம் விழ, பலகை ஒரு பக்கம் போக, கணுக்கால் நடுவில் மாட்டும்.

இதற்கென்றே ஒரு பல் தகடு இருக்கிறது. ஒரு ரூபாய் அகலம், நடுவில் ஓட்டை, மேலும் கீழும் கூரான பல். வாருக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து முறுக்கினால் இரண்டையும் கடித்துக்கொள்ளும். ஆர்டர் போட்டால் மூன்று மாதமாகுமாம், அதற்குள் காற்று சீசனே முடிந்துவிடும். நான் சும்மா இருந்திருக்கலாம். மேனேஜரிடம், "எங்க மச்சான் கையில குடுத்தா ஒரு வாரத்துல செஞ்சு அனுப்பிருவாக" என்று மார்தட்டிவிட்டேன். நம் சாத்தூர் வெள்ளைத்துரை லீவில் வருகிறான், அவனிடம் சாம்பிள் கொடுத்திருக்கிறேன். எவர்சில்வர். பன்னிரண்டு பலகைக்கு எழுபத்திரண்டு தகடு, உபரியாக ஆறு வேண்டும். என் மானம் உங்கள் கையில் இருக்கிறது.

புதுப்பட்டி குருவம்மாள் அக்கா எப்படி இருக்கிறார்கள்? கை தேவலையா?

சுந்தரபாண்டி


திருத்தங்கல்
28.11.2005

மாப்பிள்ளைக்கு,

உன் சாம்பிள் வந்தது. பார்த்தேன். நடுக்கடலில் போய் ஒற்றைத் திருகாணியை நம்பியா நிற்கிறார்கள்? ஒரு ஆணியில் மாட்டின காலண்டர் காற்றுக்கு ஆடத்தான் செய்யும். கீழே இன்னொரு ஆணி அடித்தால் ஆடாது. நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பலகை செய்த கம்பெனிக்காரனுக்குத் தெரியவில்லையா?

கேட்டபடி எழுபத்தெட்டுத் தகடு வெள்ளைத்துரையிடம் கொடுத்துவிட்டேன். பல்லெல்லாம் நானே அரத்தால் கூர் வைத்தேன். நிறம் சாம்பிள் மாதிரி இருக்காது. அதைப் பெரிதுபடுத்தாதே.

பட்டறையில் வேலை குறைவு. கம்பெனிக்காரர்கள் தை பிறந்தால்தான் பித்தளைச் சாமான், செப்புக் கரண்டி கேட்டு வருவார்கள். அக்காவுக்கு மூட்டு வலி, வேறொன்றுமில்லை.

குருவம்மாளை ஒவ்வொரு கடுதாசியிலும் விசாரிக்கிறாய். வலது கை விரல் மடங்கவில்லை. எந்தக் கம்பெனியும் உள்ளே விடுவதில்லை. அவளால்தானே பட்டாசு மருந்து ரூம் வெடித்தது, ராசியில்லாதவள் என்கிறார்கள். ஒற்றைக் கையால் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். போதுமா? அடுத்த கடுதாசியில் கேட்காதே.

அய்யாதுரை


ஷார்ஜா
9.1.2006

மச்சான்,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன புதன்கிழமை நல்ல காற்று. ஹாலந்துக்கார டீச்சரம்மா ஒருவர், நல்ல மாதிரி, வந்தால் "பாண்டி, சாப்பிட்டாச்சா" என்று தமிழிலேயே கேட்பார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் பலகையை எடுத்துக்கொண்டு போனார். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் விழுந்தார். பாய் அந்தப் பக்கம் விழுந்தது, ஆள் இந்தப் பக்கம், பலகை நடுவில் புரண்டது. கால் வாரிலேயே இருந்தது. நான் நீந்திப் போனேன். வார் அரை வட்டம் திரும்பிக் கணுக்காலைப் பிடித்திருந்தது. கத்தியால் வாரை அறுத்துத்தான் காலை எடுத்தேன். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறதாம். இனிமேல் பழையபடி நடப்பாரா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பலகையைக் கொட்டகைக்குள் கொண்டுவந்து வாரைக் கழற்றினேன். உங்கள் தகட்டில் பல்லே இல்லை மச்சான். மொட்டையாகி, மடிந்து, பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத் தண்ணீரும் கால் பாரமும் ஒரே மாதத்தில் தின்றுவிட்டன.

சாம்பிள் எவர்சில்வர் கொடுத்தேனே, ஏன் பித்தளையில் செய்தீர்கள்? பெரிதுபடுத்தாதே என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஆயிற்றா? என்ன அவசரம் உங்களுக்கு? ஒரு பொம்பளையின் கால் போயிற்றே!

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மேனேஜர் வருவதற்குள் நான் ஒரு வேலை செய்தேன். வாரின் இரண்டு முனையிலும் இருந்த மொட்டைத் தகடுகளை எடுத்து என் பெட்டியில் காலுறைக்குள் போட்டுவிட்டு, உபரியாக இருந்த புதுத் தகடு இரண்டை வைத்துவிட்டேன். அவர் வந்து பார்த்தார். பல் கூராக இருக்கிறது. "அப்ப திருகாணியைச் சரியா முறுக்கல" என்றார். அன்றைக்குக் காலையில் முறுக்கியவன் ரஃபீக். என் அறையில் எனக்குக் கீழ்க்கட்டிலில் படுக்கிற வங்காளதேசப் பையன். முறுக்கினான் மச்சான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் அழுதுகொண்டே என் முகத்தைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அவனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். மார்ச் ஒன்றாம் தேதி ஊருக்கு டிக்கெட். அதுவரை சும்மா அறையில் உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறான். "பாண்டி பாய், நான் முறுக்கினேன்தானே, நீ பார்த்தாய்தானே?" என்று கேட்கிறான். ஆமாம் என்கிறேன். "அப்படியானால் சொல்லேன்" என்றுகூட அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை.

தகடு வந்த அன்றைக்கே மேனேஜர், "ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டார். "எங்க ஊர்ல துருப்பிடிக்காம இருக்கப் பூச்சு பூசுவாக" என்று நான் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன். இப்போது போய் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். அக்காவுக்கு என்ன சொல்வது? நீங்கள் மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?

சுந்தரபாண்டி


திருத்தங்கல்
22.1.2006

மாப்பிள்ளைக்கு,

கடுதாசியை உன் அக்கா கண்ணில் படாமல் பட்டறையில் வைத்து வாசித்தேன். கோபமாக எழுதியிருக்கிறாய். எழுது. அந்த டீச்சரம்மா காலுக்கு நானும் பொறுப்பு. தெரிந்தேதான் பித்தளையில் வெட்டினேன்.

அவசரம் என்று நினைக்காதே. சிவகாசிக்குப் போய் எவர்சில்வர் தகடு வாங்கிக்கொண்டு வந்தேன். வெட்ட உட்கார்ந்தேன். கை வரவில்லை. எவர்சில்வரும் இரும்பு ஜாதிதானே, உரசினால் பொறி வருமே என்று கை நின்றுவிட்டது. கடலில் ஏது வெடிமருந்து, ஏது பொறி? புத்திக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பட்டாசுக் கம்பெனிக்குச் சாமான் செய்கிற கை. கொண்டை ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகிற ஊர் நம் ஊர். அதிலும் உனக்கென்று ஒரு சாமானை இரும்பில் செய்ய என்னால் முடியாது. மற்றவனுக்கென்றால் செய்திருப்பேனோ என்னவோ.

ஏன் உனக்கு மட்டும் என்று கேட்பாய். இத்தனை வருஷம் நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

2002 பங்குனியில் நீ வேலை பார்த்த புதுப்பட்டிக் கம்பெனியில் மருந்து ரூம் வெடித்ததே, அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். கிடக்கிற சாமானெல்லாம் பித்தளைதானா என்று அடையாளம் சொல்ல. சாம்பலுக்குள் என் கால் விரலில் ஒன்று தட்டுப்பட்டது. இரும்புத் திருப்புளி. பிடி எரிந்துபோயிருந்தது, ஆனால் பிடியில் நான் சுற்றியிருந்த கம்பி அப்படியே இருந்தது. என் பட்டறைத் திருப்புளி. முந்தின நாள் நீ வாங்கிக்கொண்டு போனது.

குனிந்து எடுத்து வேட்டி மடிப்பில் செருகினேன். சூடு இடுப்பைச் சுட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. உன் அக்கா கேட்டதற்கு அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றேன். திருப்புளியைக் கல்குவாரித் தண்ணீரில் போட்டேன்.

மறுநாள் விசாரணையில், குருவம்மாள் சல்லடையை அவசரமாகத் தேய்த்துச் சலித்ததால் வெடித்தது என்று எழுதிக்கொண்டார்கள். செத்தவள் அவள் கூடப் பிறந்த தங்கச்சி சோலையம்மாள். நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என் பொண்டாட்டியின் தம்பி ஜெயிலுக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் உன்னை விமானம் ஏற்றிவிட்டேன்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. திருப்புளியை எதற்கு உள்ளே கொண்டுபோனாய்?

அந்த வங்காளப் பையன் விஷயத்தில் நான் உனக்குப் புத்தி சொல்ல யோக்கியதை இல்லாதவன். ஆனாலும் மொட்டைத் தகடுகளை நீ காலுறையில் போட்டாய் என்று வாசித்ததும் என் கை தானாக இடுப்புக்குப் போனது. அவ்வளவுதான்.

அய்யாதுரை


ஷார்ஜா
6.2.2006

மச்சான்,

தெரிந்துகொண்டேதானா எனக்குச் சோறு போட்டு, சட்டை எடுத்துக் கொடுத்து, விமானம் ஏற்றி, நாலு வருஷமும் பொங்கல் வாழ்த்து அனுப்பினீர்கள்? உங்கள் கடுதாசியை வாசித்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். ரஃபீக் வந்து என்னவென்று கேட்டான். ஊரில் ஒரு சாவு என்றேன். பொய்யில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். மருந்து டின்னின் மூடி இறுகிப்போயிருந்தது. மரக்குச்சியால் தட்டித் தட்டித்தான் திறக்க வேண்டும், அரை மணி நேரமாகும். எனக்கு அவசரம். முந்தின நாளே உங்களிடம் திருப்புளியை வாங்கி டிராயருக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன். ஒரே நெம்பு, திறந்துவிட்டது. அதை டின்னுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். குருவம்மாள் அக்கா அப்போது வாசலில் தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "எலே பாண்டி, எனக்கும் ஒரு வடை வாங்கிட்டு வாலே" என்றார்கள். உள்ளே சோலையம்மாள் மட்டும்தான் இருந்தாள். அவள் அதை எடுத்து அடுத்த டின்னை நெம்பினாளோ, காலில் தட்டிக் கீழே உருண்டதோ, யாருக்குத் தெரியும்? வடையைக் கையில் வாங்கும்போது சத்தம் கேட்டது.

நாலு வருஷமாக நான் வடை தின்பதில்லை. யாருக்கு என்ன லாபம்?

சரி. இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை காலுறையோடு மேனேஜர் அறைக்குப் போனேன். ரஃபீக்கையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். மேஜைமேல் மொட்டைத் தகடு இரண்டையும் கொட்டினேன். பித்தளை என்றேன், பூச்சு என்றது பொய் என்றேன், நான்தான் மாற்றினேன், இவன் முறுக்கினான், நான் பார்த்தேன் என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் அதைச் சொல்ல அரை மணி நேரமாயிற்று. மேனேஜர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் இவன் பக்கத்திலயே படுத்திருந்தியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

ரஃபீக்குக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அவனுக்குப் போட்ட தேதியிலேயே எனக்கு டிக்கெட். மார்ச் ஒன்று. அவன் இப்போது எனக்குக் கஞ்சி வைப்பதில்லை. என்னோடு பேசுவதுமில்லை. நியாயம்தானே.

டீச்சரம்மாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இருக்கிற நாளுக்கு வேலை கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கினேன். நீங்கள் எழுதிய காலண்டர் ஆணி மனதிலேயே கிடந்தது. பலகையில் வாரை முன்னே பின்னே மாற்றுவதற்காக வரிசையாக நாலு மரை இருக்கிறது. பக்கத்து மரை சும்மாதான் கிடக்கிறது. இங்குள்ள பட்டறையில் இரண்டு ஓட்டை உள்ள நீளத் தகடு, கெட்டி எவர்சில்வரில் வெட்டச் சொன்னேன். ஒரு ஓட்டையில் வாரின் திருகாணி, அடுத்த ஓட்டையில் இன்னொரு திருகாணி. வாரைக் கடிக்க மேல்பக்கம் மட்டும் பல். பத்துப் பலகை முடித்துவிட்டேன். நானே ஏறி நின்று காலைப் போட்டு முறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இவ்வளவு லேசான வேலை மச்சான். முதல் நாளே செய்திருக்கலாம்.

குருவம்மாள் அக்காவிடம் நீங்கள் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். நான் வந்து சொல்கிறேன். என்ன வந்தாலும் வரட்டும், போலீஸ் வந்தாலும் வரட்டும். ஆனால் ராத்திரி படுத்தால், அவர்கள் முகத்துக்கு நேராக எப்படி வாயைத் திறப்பேன் என்று நினைத்து வேர்க்கிறது. மும்பையில் இறங்கி அப்படியே எங்காவது போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். உங்களிடம் மறைக்கவில்லை.

சுந்தரபாண்டி


திருத்தங்கல்
17.2.2006

மாப்பிள்ளைக்கு,

நீ மும்பையில் நின்றுவிடக்கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன். இது உன் கைக்கு வந்துசேர வேண்டும்.

குருவம்மாளிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். உன் பெயரைச் சொல்லவில்லை. என் பங்கைச் சொன்னேன். அதை நீ வந்து சொல்ல முடியாது.

நேற்று மத்தியானம் புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அவள் வாசலில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மடங்காத கையால் அட்டையை அமுக்கிக்கொண்டு, இடது கையால் பசை தடவுகிறாள். "வாங்கண்ணே, என்ன இம்புட்டுத் தூரம்? பொன்மணி மதினி சொகமா?" என்று உன் அக்காவையும் விசாரித்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

சாம்பலில் திருப்புளி கிடந்ததைச் சொன்னேன். இரும்பு என்றேன். நான் எடுத்து மறைத்தேன் என்றேன். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்து நின்றேன். பசைக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"அப்ப நான் இல்லையாண்ணே?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நான் வெரசாச் சலிச்சதுனால இல்லையா? சூட்டோட அவ கையில குடுத்துட்டுக் கை கழுவ வந்தேன்னுல்ல நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தானே நெனச்சுக்கிட்டிருக்கேன். நான் இல்லையாண்ணே?"

நீ இல்லை தாயி என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். அவள் மூன்றாம் முறை கேட்டபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை, நாம் இரண்டு பேரும் அவள் கை போனதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கூடப் பிறந்தவளைக் கொன்றவள் என்று அவள் தன்னைத்தானே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊர் சொன்னது போக அவளே நம்பியிருக்கிறாள்.

யார் வைத்த திருப்புளி என்று அவள் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டுத் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். "இதுல எழுதிக் குடுங்க. எங்கம்மா நாரணாபுரத்துல இருக்கா. சோலை போனதுலருந்து என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. அவகிட்ட வாசிச்சுக் காட்டணும்" என்றாள்.

எழுதினேன். சோலையம்மாள் சாவுக்குக் குருவம்மாள் காரணமில்லை, மருந்து ரூமில் இரும்புத் திருப்புளி கிடந்தது, அதை எடுத்து மறைத்தவன் அய்யாதுரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடுவில் ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட்டேன். "திருப்புளியை உள்ளே கொண்டுவந்து வைத்தவன்" என்பது வரைக்கும்தான் எழுதினேன். அதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அந்த இடத்துக்கு வந்ததும் விரலை வைத்து, "இங்கன ஏன் காலியாக் கெடக்கு?" என்றாள்.

"அதை எழுத வேண்டியவன் ரெண்டாம் தேதி ஊருக்கு வர்றான்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். தாளை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். "அது வரைக்கும் எங்கம்மாகிட்டக் கொண்டு போகல. பாதி வாசிச்சா அவ நம்பமாட்டா" என்றாள்.

உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. உனக்காக உன் அறையைக் கழுவி விட்டிருக்கிறாள்.

மதுரையிலிருந்து சிவகாசி பஸ் ஏறு. சிவகாசியில் இறங்கி வீட்டுக்கு வராதே, பெட்டியோடு நேரே புதுப்பட்டி பஸ்ஸில் ஏறிவிடு. வீட்டுக்கு வந்து அக்கா முகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் உனக்குக் கால் எழாது. குருவம்மாள் பேனாவையும் மடித்த தாளோடு பானையிலேயே வைத்திருக்கிறாள்.

அய்யாதுரை